செவ்வாய்க்கிழமைக் காவல்

நான் ஒரு லிஃப்ட் கம்பெனியின் தொலைபேசி மேசையில் வேலை பார்க்கிறேன். லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் மஞ்சள் பொத்தானை அழுத்தினால் அது என் காதில் வந்து ஒலிக்கும். எந்தக் கட்டடம், எந்த மாடி, உள்ளே எத்தனை பேர், யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பக்கத்தில் இருக்கும் மெக்கானிக்கை அனுப்பிவிட்டு, அவர் போய்ச் சேரும்வரை உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எதைப் பற்றியும் பேசலாம், மௌனம் மட்டும் கூடாது. சிலர் பாடுவார்கள். சிலர் திட்டுவார்கள். ஒருவர் எனக்குப் பின்னங்களைக் கூட்டச் சொல்லிக்கொடுத்தார்.

இதையெல்லாம் நாட்குறிப்பில் எழுதி வைப்பேன். தேதி, வானிலை, வந்த அழைப்புகள், வீட்டில் நடந்தது என்ற வரிசையில்தான் எழுதுவேன். வரிசை மாறினால் அன்றைக்கு எதையோ தொலைத்துவிட்டதுபோல இருக்கும். அக்கா இதற்கு 'வானிலை அறிக்கை' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

நாட்குறிப்பு எழுதுகிறவளுக்குக் கதையும் எழுத வரலாம் என்று நினைத்து நூலகத்தின் மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஆழம் தெரியாமல் காலை விட்டிருக்கிறேன் என்பது முதல் வாரமே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் எழுதியதைக் கேட்டுவிட்டு என்னுடையதைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. அப்புறம் எடுத்தேன். வகுப்பு முடிந்த நாளில் எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டு, விடாமல் எழுதுவோம் என்று சொல்லிக் கலைந்தோம்.

யாரும் எழுதவில்லை. டெய்லரக்கா போன் செய்தபோதுதான் அது எனக்குத் தெரிந்தது. வகுப்பில் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். துணிகளைப் பிரித்துத் திருத்தித் தரும் கடை வைத்திருக்கிறார்.

"ஏம்மா, எழுதறியா?"

"இல்லக்கா. நேரமே கெடைக்கல."

"நானும் எழுதல. பஸ்ஸுக்குப் போன் பண்ணேன், அதும் எழுதல. மாத்திரையும் எழுதல. எல்லாருக்கும் ஒரே வியாதியா இருக்கு. செவ்வாயும் வெள்ளியும் கடையைச் சீக்கிரம் சாத்திடுவேன். இங்க வந்து உக்காருங்க, பாப்போம்."

பஸ் என்பது நகரப் பேருந்து ஓட்டுகிற அண்ணன். மாத்திரை என்பது மருந்துக்கடையில் வேலை பார்க்கும் பையன். பையன் என்றாலும் என் வயதுதான். நாங்கள் நாலு பேர். துணி வெட்டும் மேசை பெரியது, அதன் நாலு பக்கமும் உட்கார்ந்தோம். முதல் நாள் ஒரு வரிகூட ஓடவில்லை. ஒருவர் போன் நின்றால் இன்னொருவர் போன் அடித்தது. பாதி இறக்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து, "கால்சட்டை ரெடியா?" என்று ஒருவர் கேட்டார்.

"இப்படியே போனா எழுதின மாதிரிதான்" என்றான் மாத்திரை.

பஸ் அண்ணன் பேனாவை மூடினார். "டிரைவரே டிக்கெட்டும் கிழிச்சா வண்டி எங்க போய் நிக்கும்? ஒருத்தன் கண்டக்டரா உக்காரணும்ப்பா. இன்னைக்கு நான் எழுதல. எல்லார் போனையும் இங்க குடுங்க."

அப்படித்தான் காவல் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒருவர் எழுதாமல், முன்பக்கம் இஸ்திரி மேசைக்கு அருகில் உட்காருவார். எல்லோருடைய போன்களும் அவர் முன்னால் வரிசையாகக் கிடக்கும். எந்தப் போன் அடித்தாலும் அவர்தான் எடுப்பார். கதவு தட்டினாலும் அவர்தான் போவார். மற்ற மூன்று பேரும் திரைக்குப் பின்னால், உள்ளே எழுதுவோம்.

இதற்கு விதிகள் எழுதிக் கொடுத்தது நான். யாரும் கேட்கவில்லை, எனக்கு அப்படி எழுதாமல் இருக்க முடியாது. காவலில் இருப்பவர் பொய் சொல்லக் கூடாது. வந்த அழைப்புகளைக் கடைசியில் மொத்தமாகச் சொன்னால் போதும். ரத்தம், தீ, ஆஸ்பத்திரி என்றால் மட்டும் எழுதுகிறவரைக் கூப்பிட வேண்டும். மற்றதையெல்லாம் காவலே சமாளிக்க வேண்டும். தாளைக் கடையின் ஆளுயரக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினேன். "ஆபீஸ் புத்தி" என்றார் டெய்லரக்கா. ஆனால் எடுக்கவில்லை.

காவல் இருப்பதில் நான் கெட்டிக்காரி என்றார்கள். தெரியாதவர்களிடம் பேசுவதுதானே என் வேலை. ஒருமுறை பஸ் அண்ணனின் மனைவி கூப்பிட்டு, சமையலறைக் குழாய் பீய்ச்சியடிக்கிறது, கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று அலறினார். தொட்டிக்குக் கீழே குனியச் சொல்லி, அங்கே இருக்கும் வால்வைக் கண்டுபிடிக்க வைத்து, அதைத் திருகச் சொன்னேன். தண்ணீர் நின்றது. "எங்க வீட்டுக்காரரா இருந்தா முதல்ல என்னைத்தான் திட்டியிருப்பாரு" என்றார். பஸ் அண்ணனுக்கு அன்று முழுசாக ஒரு பக்கம் வந்தது.

எழுதி முடித்ததும் ஒருவர் எழுதியதை இன்னொருவர் சத்தமாகப் படிப்பார். படிக்கிறவர் எங்கே தடுக்குகிறாரோ அங்கே எழுதியவர் கோடு போட்டுக்கொள்வார். என் கதையில், லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவர் தொலைபேசியில் ஒரு பெண்ணோடு பேசுகிறார். பஸ் அண்ணன் அதைப் படித்தார். "'தங்கள் பொறுமைக்கு நன்றி. விரைவில் வருவார்கள் என நம்புகிறேன்.' ஏம்மா, இந்த ஆளு மாட்டிக்கிட்டிருக்கானா, மாநாட்டுல பேசறானா?"

"ரெண்டு மாடிக்கு நடுவுல தொங்கறான். அப்பவும் தயவுசெய்துங்கறான்" என்றான் மாத்திரை.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இது கதையே இல்லை, வானிலை அறிக்கைதான் என்று சொல்லித் தாள்களை வாங்கப் போனேன். டெய்லரக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"ஆளு உயிரோடதான் இருக்கான். சட்டைதான் கொஞ்சம் இறுக்கமா இருக்கு. அக்குள்ல பிரிச்சுவிட்டா மூச்சு விடுவான். அடுத்த வாரம் கொண்டா."

அந்த அடுத்த வாரத்துக்காக நான் காத்திருந்ததைப்போல வேறு எதற்கும் காத்திருந்ததாக நினைவில்லை. பகலெல்லாம் யார் யாருடைய லிஃப்டையோ கவனித்துவிட்டு வந்து, அந்த மேசையில் உட்காரும்போதுதான் நான் எனக்குக் கிடைப்பேன்.

வீட்டு நிலவரத்தையும் சொல்ல வேண்டும். நான் அக்காவோடு இருக்கிறேன். அக்கா ஒரு ஹோட்டலின் சலவைக் கூடத்தில் காலை ஷிஃப்ட். மதியம் குழந்தையைக் காப்பகத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருவாள். அத்தான் கிடங்கில் மாலை ஷிஃப்ட், வீட்டுக்கு வர நேரமாகும். ஆகவே மாலையில் குட்டியும் அக்காவும் மட்டும்தான். நான் வேலையிலிருந்து வந்ததும் குட்டி என் மேல் ஏறிக்கொள்ளும். முட்டிவலியோடு நாளெல்லாம் நின்ற அக்கா அப்போதுதான் உட்காருவாள். செவ்வாயும் வெள்ளியும் அவள் உட்காருவதில்லை.

அந்தச் செவ்வாய் மாத்திரையின் காவல். நான் உள்ளே என் லிஃப்ட் ஆளின் சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். வேலை நன்றாகவே நடந்தது. நேரம் முடிந்ததும் மாத்திரை பெருமையோடு உள்ளே வந்தான்.

"டெய்லரக்காவுக்கு ஒரு ஜிப் ஆர்டர். அண்ணனுக்கு டெப்போலேருந்து, நாளைக்கு ஷிஃப்ட் மாத்தமாம். உங்களுக்கு உங்க அக்கா. குழந்தைக்குக் காய்ச்சல். ஒண்ணும் பயமில்ல, நான் பாத்துட்டேன்."

"பாத்துட்டேன்னா?"

"காய்ச்சல் எவ்வளவு, குழந்தை என்ன எடை, தண்ணி குடிக்குதா, துறுதுறுன்னு இருக்கான்னு எல்லாம் கேட்டேன். மருந்து எங்க வெச்சிருக்கீங்கன்னு தெரியலைன்னாங்க. உங்க வீட்டுப் பக்கத்துல எங்க கடைக்கு ஒரு கிளை இருக்குல்ல, அங்கேருந்து ஆளனுப்பிச் சிரப் குடுத்துட்டேன். எவ்வளவு ஊத்தணும்னு சொன்னேன். அப்புறம் நானே ரெண்டு தரம் கூப்பிட்டு விசாரிச்சேன். எறங்கிடுச்சு. தூங்குது."

"என்னை ஏன் கூப்பிடல?"

அவன் கண்ணாடிப் பக்கம் கையைக் காட்டினான். "ரத்தம், தீ, ஆஸ்பத்திரி. மூணும் இல்லியே."

விதியை எழுதியவளே நான். அவன் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. மருந்து எங்கே என்று அக்காவுக்குத் தெரியாமல் போனதும் என்னால்தான். போன வாரம் அலமாரியை ஒழுங்குபடுத்துகிறேன் என்று மருந்துகளையெல்லாம் உயரத்தில் ஒரு பெட்டிக்கு மாற்றி, மேலே சீட்டும் ஒட்டியிருந்தேன். சீட்டு சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். குட்டி வியர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அக்கா தட்டை மேசையில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அக்கா திட்டினால் எனக்குப் பயமில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் பயம்.

மறுநாள் காலை குளியலறைக் கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டே பேசினாள். என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியைப் பார்த்தாள்.

"யாரவன்?"

"எங்களோட எழுதறவன்க்கா. மருந்துக்கடையில இருக்கான்."

"மேடமாம், மேடம். 'பதட்டப்படாதீங்க மேடம்.' நான் உன்னைக் கூப்பிட்டேன். அவனையா கூப்பிட்டேன்?"

"இல்லக்கா."

"சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டாங்கற கதையா இருக்கு. என் தங்கச்சிகிட்டப் பேசறதுக்கு நான் ஒருத்தன்கிட்ட எடை, உயரம் எல்லாம் சொல்லணும்."

"உயரம் கேட்டானா?"

"சிரிக்காத." சீப்பை வைத்தாள். "நல்லாத்தான் பேசினான். சிரப்பும் வந்துச்சு. நான் இல்லைங்கல. ஆனா கேளு. எவனோ ஒருத்தன், ஊரு பேரு தெரியாதவன், லிஃப்டுல மாட்டிக்கிட்டான்னா ரெண்டாவது ரிங்குல எடுக்கற. அவன் வெளிய வர வரைக்கும் போனை வெக்கறதில்ல. நான் கூப்பிட்டா மாத்திரை விக்கறவன் எடுக்கறான்."

வேலையில் எப்படிப்பட்ட ஆளுக்கும் என்னிடம் ஒரு பதில் இருக்கும்.

"செவ்வாய், வெள்ளி ரெண்டும் இனிமே கிடையாது. எழுதறதுன்னா வீட்லயே எழுது. யாரு வேணாம்னா?" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

வெள்ளிக்கிழமை நான் போகவில்லை. அடுத்த செவ்வாயும் போகவில்லை. வர முடியாது என்று மட்டும் டெய்லரக்காவுக்குச் செய்தி அனுப்பினேன்.

வீட்டிலேயே எழுதத்தான் பார்த்தேன். முறையாகவே முயற்சி செய்தேன். விடிகாலையில் எழுந்து எழுதினேன். எழுதியது குளிர்சாதனப் பெட்டியின் உபயோகக் கையேடு போல இருந்தது. மதிய இடைவேளையில் எழுதினேன். பக்கத்து மேசைப் பெண் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "காதல் கடிதமா?" என்றாள். மாலையில் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு எழுதினேன். அவள் என் பேனாவைப் பிடுங்கி லிஃப்ட் ஆளின் மேல் ஒரு பெரிய வட்டம் போட்டாள். நாட்குறிப்பில் தேதி, வானிலை, அழைப்புகள், வீடு என்று எழுதிவிட்டு, கடைசியில் 'கதை இல்லை' என்று ஒரு வரி சேர்க்க ஆரம்பித்தேன். அந்த வரி தினமும் வந்தது.

நான் எழுதாவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்றும் யோசித்தேன். லிஃப்ட் ஆள் இருந்தால் என்ன, இறங்கினால் என்ன. அக்காவின் முட்டிவலி நிஜம். குட்டியின் காய்ச்சல் நிஜம். இந்த வாதத்தில் ஓட்டையே தெரியவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை காலை பேருந்தில் ஏறினேன். ஓட்டுநர் இருக்கையில் பஸ் அண்ணன் இருந்தார். அவர் வழக்கமாக வேறு தடத்தில் ஓட்டுகிறவர்.

"ஷிஃப்ட் மாத்தினாங்கல்ல, இந்தப் பக்கம் போட்டுட்டாங்க" என்றார். இருக்கைக்குப் பக்கத்திலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து நீட்டினார். "போன வெள்ளியும் இந்தச் செவ்வாயும் எழுதினது. மூணு பேரோடதும் இருக்கு. எழுத வராட்டி போ, படிக்கவாச்சும் செய். கோடு போட்டு நாளைக்குக் குடு."

"அண்ணே, நான் இனிமே..."

"வண்டி கெளம்பட்டுமா, இல்ல இங்கயே குடும்பம் நடத்தறீங்களா?" என்று என் பின்னால் நின்றவர் கேட்டார்.

"உள்ள போம்மா" என்றார் பஸ் அண்ணன். கதவு மூடிக்கொண்டது.

ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தேன். பஸ் அண்ணன் எழுதியது நன்றாக இருந்தது, ஒரு இடத்தில் மட்டும் தடுக்கியது. அங்கே கோடு போட்டேன். கோடு போட்ட பேனா கையில் இருந்தது. உறையின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. லிஃப்ட் ஆள் அங்கே வாயைத் திறந்தார். "யாரோ மெக்கானிக்கை ஏன் அனுப்பறீங்க? நான் உங்களைத்தான் கூப்பிட்டேன்" என்றார். அவர் அப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. அக்காவின் வாக்கியத்தைத் திருடிவிட்டேன் என்று புரிந்தது. ஆனாலும் அடிக்கவில்லை. அலுவலக நிறுத்தம் வந்தது, இறங்கினேன்.

அன்று மாலை டெய்லரக்கா போன் செய்தார். குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

"உன் ஆளு இன்னும் லிஃப்டுலயே இருக்கான்மா. ரெண்டு வாரமாகப் போகுது. மூச்சு முட்டாதா அவனுக்கு?"

"அக்காவுக்குப் பிடிக்கலக்கா."

"பிடிக்காதுதான். நான் உன் அக்காவா இருந்தா அந்த இஸ்திரி மேசையையே எடுத்து அடிச்சிருப்பேன். மாத்திரைகிட்டயும் சொல்லிட்டேன். அவன் பாவம், அந்த மேடத்துகிட்ட மன்னிப்புக் கேக்கட்டுமான்னு தெனமும் கேக்கறான்."

"வேணாம்க்கா! இன்னொரு தரம் அவன் குரல் கேட்டா..."

"அதான் சொன்னேன். கேளு. தப்பு அவன் பேர்ல இல்ல, காய்ச்சல் பேர்லயும் இல்ல. அவசரமா இல்லியான்னு சொல்றதுக்கு நாம யாரு? கூப்பிடறவங்கதான் சொல்லணும். கண்ணாடியில இருந்ததைக் கிழிச்சுட்டேன். கோவிச்சுக்காத."

"என்ன செய்யறதா இருக்கீங்க?"

"காவலுக்கு ஒரே கேள்விதான். 'கூப்பிடணுமா?' கூப்பிடணும்னா எழுதறவ எந்திரிச்சு வரணும். வரி பாதியில தொங்கினாலும் சரி. வேணாம்னா காவல் பாத்துக்கும். இதைப் போய் உங்க அக்காகிட்டச் சொல்லு. அப்புறம் அவங்க இஷ்டம்."

நாலு விதிகளை நான் யோசித்து யோசித்து எழுதியிருந்தேன். இவர் ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

குட்டி சோப்பு நுரையோடு என் தலைமுடியைப் பிடித்து எழுந்து நின்றாள். அக்கா சமையலறையில் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நாளெல்லாம் சலவைக் கூடத்தில் மடித்துவிட்டு வீட்டிலும் மடிப்பாள், அதே வேகத்தில். குட்டியைத் துவட்டியபடி போய் நின்று, டெய்லரக்கா சொன்னதை அப்படியே சொன்னேன்.

அக்கா ஒரு துண்டை மடித்து முடித்தாள். "எப்பக் கூப்பிட்டாலுமா?"

"எப்பக் கூப்பிட்டாலும்."

"உப்பு எங்கன்னு கேட்டா?"

"அதை நீ அவங்ககிட்டச் சொல்லத் தேவையில்ல. கூப்பிடணும்னு சொன்னா போதும், வந்துடுவேன்."

"பாதி எழுதிட்டிருந்தா?"

"பாதியிலயே போட்டுட்டு வருவேன்."

"அப்புறம் என்னைச் சொல்லுவ, இவளாலதான் என் காவியம் நின்னுபோச்சுன்னு."

"காவியமெல்லாம் இல்லக்கா. லிஃப்டுல ஒருத்தன் நிக்கறான், அவ்வளவுதான்."

"இன்னுமா நிக்கறான்?" என்றாள். முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள்.

உறையை எடுத்து வந்து காட்டினேன். காட்ட வேண்டும் என்று நினைத்து வரவில்லை, ஆனால் காட்டிவிட்டேன். அக்கா மடிப்பதை நிறுத்திவிட்டு அந்த இரண்டு வரியைப் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"இது நான் சொன்னது."

"ஆமா. அடிச்சுடட்டுமா?"

"அடிப்பானேன்? சரியாத்தானே சொல்லியிருக்கான்." அடுத்த துண்டை எடுத்தாள். "செவ்வாய் போ. வெள்ளி கிடையாது."

"வெள்ளி ஏன்க்கா?"

"வெள்ளி எனக்கு. நான் வெளிய போறேன். எங்கன்னு கேக்கக் கூடாது. என் போனையும் நீதான் எடுக்கணும். அத்தான் கூப்பிட்டா என்ன கேப்பாருன்னு உனக்கே தெரியும்."

பேரம் பேசலாமா என்று யோசித்தேன். ஒன்று போய் ஒன்று கிடைத்திருக்கிறது. இருக்கிறதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வாரமே அவள் வெள்ளியை எடுத்துக்கொண்டாள். நல்ல செருப்பைப் போட்டுக்கொண்டு, குட்டிக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, போனை என் கையில் திணித்துவிட்டுப் போனாள். சற்று நேரத்தில் சலவைக் கூடத்து மேற்பார்வையாளர் கூப்பிட்டார், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர முடியுமா என்று. "அவங்க இப்ப வேலையா இருக்காங்க. கூப்பிடணுமா?" என்றேன். அவர் வேண்டாம், நாளைக்குக் கேட்கிறேன் என்றார். கூப்பிட வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால் எங்கே போய்க் கூப்பிடுவது என்று அப்புறம்தான் உறைத்தது. அத்தானும் கூப்பிட்டார். அவருடைய நீலச் சட்டை எங்கே என்று கேட்டார். கிடங்கில் இருந்துகொண்டு அவருக்கு எதற்கு நீலச் சட்டை என்று எனக்குப் புரியவில்லை. "நாளைக்குப் போடணும், இப்ப ஞாபகம் வந்துச்சு" என்றார்.

அக்கா திரும்பி வந்தபோது தலைமுடி ஈரமாக இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. நீச்சல்குளத்துக் குளோரின் வாசனை அடித்தது. நான் எங்கே என்று கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. குட்டி மட்டும் அவள் முடியை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

செவ்வாய் வந்தது. டெய்லரக்கா மேசையில் என் இடத்தில் இருந்த துணிக்குவியலை ஒதுக்கினார். மாத்திரை எழுந்து நின்று, "சாரிங்க" என்றான்.

"உக்காருடா. எழுத வந்தோமா, துக்கம் விசாரிக்க வந்தோமா?" என்றார் டெய்லரக்கா.

அன்று பஸ் அண்ணனின் காவல். போன்களை வரிசையாக வைத்துக்கொண்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தார். நான் உறையில் இருந்த இரண்டு வரிகளைப் புதுத் தாளில் எழுதி, அங்கிருந்து தொடங்கினேன். கோபம் வந்ததும் லிஃப்ட் ஆளுக்குப் பேச்சு வந்துவிட்டது. தொலைபேசியில் இருக்கிற பெண்தான் இப்போது திக்கினாள். அவள் என்ன சொல்வாள் என்று எனக்குக் கிட்டத்தட்டத் தெரிந்தது. வாக்கியத்தின் முதல் பாதி தாளில் இருந்தது, இரண்டாவது பாதி மண்டைக்குள் இருந்தது. எனக்கு அப்படி வருவது அபூர்வம்.

முன்பக்கம் ஒரு போன் அடித்தது. என்னுடையது.

"வணக்கம்மா. ஆமா, எழுதிட்டிருக்கா. கூப்பிடணுமா?" என்ற பஸ் அண்ணனின் குரல் கேட்டது. பிறகு, "கூப்பிடணுமா? சரி" என்றார். திரை விலகியது. போனை என் பக்கம் நீட்டினார்.

டெய்லரக்கா நிமிர்ந்து பார்த்தார். மாத்திரை பேனாவை நிறுத்திவிட்டான். நான் வாக்கியத்தின் பாதியைப் பார்த்தேன். இன்னும் நாலைந்து சொற்கள்தான். எழுதிவிட்டுப் போனால் யாருக்குத் தெரியப்போகிறது?

பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் போனை வாங்கினேன்.

"சொல்லுக்கா. குட்டிக்கு என்ன?"

"குட்டிக்கு ஒண்ணும் இல்ல. விளையாடறா."

"உனக்கு?"

"எனக்கும் ஒண்ணும் இல்ல."

"அப்புறம்?"

"சும்மா. கூப்பிட்டா வர்றியான்னு பாத்தேன்."

"வந்துட்டேன்ல."

"ம்." பின்னால் குட்டி எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். "எழுதிட்டிருந்தியா?"

"ஆமா."

"பாதியிலயா?"

"பாதியில."

"சரி, போ" என்றாள் அக்கா. வைத்துவிட்டாள்.

போனை இஸ்திரி மேசையில் மற்றவற்றோடு வைத்தேன். பஸ் அண்ணன் புருவத்தை உயர்த்தினார். ஒன்றுமில்லை என்று தலையசைத்தேன். உள்ளே போய் உட்கார்ந்தேன். இரண்டாவது பாதி போய்விட்டிருந்தது. நல்ல வாக்கியமாக இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். கொஞ்ச நேரம் முதல் பாதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதை அடித்துவிட்டு வேறொன்றை ஆரம்பித்தேன். எதிர்ப்பக்கம் மாத்திரையின் பேனா மறுபடி ஓடும் சத்தம் கேட்டது.